குடுவை வெடிக்கட்டும்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் மாலைப் பள்ளித் தலைவர் அவர்களே, தலை நரைத்தும் தாகம் தணியாமல் முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் தாய்மார்களே, கண் சிவக்கச் சிவக்க இந்த மென்பொருளை எழுதி முடித்த இளம் பொறியாளர்களே, அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். ஓர் ஒற்று கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மையால் சுழிப்பவள். அப்படிப்பட்ட நான் இன்று பிழைக்காக வாதாட வந்திருக்கிறேன். உள்ளம் துள்ளுகிறது, கொஞ்சம் கொதிக்கவும் செய்கிறது. ஏன் தெரியுமா?

வீட்டுக் கணினியில் ஓடும் அறிவியல் ஆய்வகம் ஒன்றை இன்று வெளியிடுகிறோம். திரையிலே குடுவை, திரையிலே கம்பி, திரையிலே விளக்கு. சரியாகச் செய்தால் விளக்கு ஒளிரும், தவறாகச் செய்தால் குடுவை வெடிக்கும். சற்று முன் தலைவர் அவர்கள், "அந்த வெடியை மட்டும் எடுத்துடலாமே, தப்பா செஞ்சா கம்ப்யூட்டரே தடுத்துடட்டுமே" என்றார். பொறியாளர்களும் தலையாட்டிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுதி வந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் அண்ணியின் கதையைச் சொல்லப் போகிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நாத்தனார் மேடையேறினால் அண்ணியைக் குறைதான் சொல்ல வேண்டுமா? மூன்றாம் வரிசை அம்மா, நீங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பது இங்கே வரை தெரிகிறது.

என் அண்ணி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுபவர். கழுவிய குழாயில் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால், "கழுவுறதோட நிறுத்திக்கோம்மா" என்பார்கள். அதே கூடத்தில் உதவியாளர் வேலைக்குத் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஆனால் செய்முறைத் தேர்வு? தொடவே விடாத கைக்குச் செய்முறை எங்கிருந்து வரும்? வயது வரம்போ அந்த ஆண்டோடு முடிகிறது. தவறவிட்டால் ஆயுளுக்கும் கழுவல்தான்.

அந்த நேரத்தில்தான் இந்த மென்பொருளின் தமிழைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் திருத்துவதற்குள் அண்ணி கணினியைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் பல்பு பல்பாகப் பொசுக்கினார். அண்ணன் ஓடிவந்து, "இப்படி எரிச்சுத் தள்ளினா கரண்ட் பில்லை யாரு கட்டுறது?" என்றார். கைதட்டாதீர்கள், அவர் உண்மையாகவே கேட்டார்.

ஒரு மாலை அண்ணி, "ஐயோ, பொங்கிடுச்சு" என்று அலறினார். பால்தான் பொங்கியது என்று அம்மா அடுப்படிக்கு ஓடினார். அடுப்பில் பாலே இல்லை. திரையில் புகை. அம்மா சொம்பு நிறையத் தண்ணீரோடு கணினியை நோக்கி வந்துவிட்டார்.

"அத்தை, நில்லுங்க. தண்ணியை ஊத்தித்தான் இப்படி ஆச்சு. ஆசிட்டைத்தான் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா விடணுமாம்."

"எதுல எதை விட்டா எனக்கென்னடி? முதல்ல அந்தப் பொட்டியை அணை."

அன்று முதல் அண்ணி வேண்டுமென்றே தப்புச் செய்தார். வேகமாக ஊற்றினால் என்ன ஆகும், சூடாக ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார். வெடித்தது. அழித்தார். மீண்டும் ஊற்றினார், மீண்டும் வெடித்தது. அவர் மேல் ஒரு துளி தெறிக்கவில்லை, மனத்தில் மட்டும் ஆழப் பதிந்தது.

தேர்வு நாள். நீண்ட மேசை. அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற பெண், பதற்றத்தில் அடர் அமிலத்துக்கு மேல் தண்ணீரைச் சாய்க்கப் போனாள். பேசினால் வெளியே, நகர்ந்தால் வெளியே என்பது விதி. அண்ணி பேசினாரா? பேசினார். நகர்ந்தாரா? நகர்ந்தார். அந்தக் கையைப் பிடித்து, "வேணாம்மா, மூஞ்சில தெறிச்சிடும்" என்றார்.

"இடத்தை விட்டு யாரு வந்தது? வெளியே நில்லுங்க" என்றார் தேர்வாளர். எல்லாம் போயிற்று என்று அண்ணி கதவருகே நின்று அழுதார். நடந்ததை அந்தப் பெண்ணிடம் கேட்டறிந்த தேர்வாளர் வெளியே வந்தார்.

"தெறிக்கும்னு எப்படித் தெரியும்? படிச்சீங்களா?"

"பார்த்திருக்கேன் சார். எங்க வீட்டுல தினமும் வெடிக்கும்."

அவர் மிரண்டுபோனார். விளக்கம் கேட்டபின், "உள்ள வாங்க, உங்க வேலையை முடிங்க" என்றார். அண்ணி முடித்தார். தேறினார்.

அவையோரே, வெடியை எடுத்திருந்தால்? கணினியே கையைத் தடுத்திருந்தால்? 'தவறு' என்ற சொல்லை அண்ணி பார்த்திருப்பார், தெறிப்பதைப் பார்த்திருப்பாரா? அந்தப் பெண்ணின் கண்கள்தான் தப்பியிருக்குமா? நம் தமிழைப் பாருங்கள். தவறுக்கும் பிழை என்று பெயர், உயிர் மீள்வதற்கும் பிழைத்தல் என்று பெயர். பிழை செய்ய விடுங்கள், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். ஏட்டில் ஒரு பிழையையும் நான் விடமாட்டேன், திரையில் அத்தனை பிழைகளையும் விட்டுவையுங்கள். குடுவை வெடிக்கட்டும், குழந்தைகள் கேட்கட்டும், கேள்வி பிறக்கட்டும்.

தலைவர் ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? "வெடி இருக்கட்டும்மா." கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கைகளை.

மனம் மாறிய தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இதற்கு மேல் என்னை நிறுத்தாதீர்கள். நாளை அண்ணிக்கு உதவியாளராக முதல் நாள். அவருடைய வெள்ளை அங்கியை நான்தான் இஸ்திரி போடுவேன் என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறேன், வணக்கம்.