தண்ணி வந்தப்போ அவர் எங்க இருந்தார்

செட்ரிக்: இன்னொரு தடவை படிச்சிடுங்க, எர்லீன் அக்கா.

எர்லீன்: இப்போ என்னடா?

செட்ரிக்: டேப்புல ஏசி இரைச்சல் விழுந்திருக்கு.

எர்லீன்: ஏசியைத்தான் முதல்லயே நிறுத்திட்டியே. ஆகஸ்டு மாசத்துல என்னை வேக வெச்சுக்கிட்டு...

செட்ரிக்: அப்போ ஃபேனா இருக்கும்.

எர்லீன்: இந்த ரூம்ல ஃபேன் ஏது?

செட்ரிக்: ...வாய்ல பெப்பர்மின்ட் வெச்சிருக்கீங்க. பல்லுல இடிக்குது. டக் டக்னு கேக்குது.

எர்லீன்: இந்தா, எடுத்துட்டேன். இத்தனை வருஷமா இதே மிட்டாயை ஒதுக்கிக்கிட்டுத்தான் காலைல ரேடியோவுல செத்தவங்க பேரையெல்லாம் வாசிக்கிறேன். ஒருத்தர்கூட எழுந்து வந்து குறை சொன்னதில்ல.

செட்ரிக்: அவங்களுக்கு அடக்க நேரம் சரியாச் சொன்னாப் போதும். இது தேர்தல் விளம்பரம், அக்கா. நாலு ஸ்டேஷனுக்குப் போற டேப். ப்ரூயிட் ஆளுங்க வெளிய கார்லயே உக்காந்திருக்காங்க.

எர்லீன்: கேட்டேன், ஹாரன் அடிச்சது. அது விழலையா உன் மெஷின்ல?

செட்ரிக்: விழுந்துச்சு. அதுக்குத்தான் மூணாவது தடவை.

எர்லீன்: அது மிட்டாய்க்குன்னு சொன்னே.

செட்ரிக்: ...தண்ணி குடிக்கிறீங்களா?

எர்லீன்: பேச்சை மாத்தாதே. அந்த கேட்ஃபிஷ் மீன் பொட்டலத்தை எடுத்து மூடி வை. வாசனை வந்துக்கிட்டே இருக்கு, பசிக்குது.

செட்ரிக்: முடிச்சிட்டுச் சாப்பிடலாம். ஆமா, என்ன இன்னிக்கு நீலச் செருப்பு? குதிகால் வெச்சது? நாளைக்குத்தானே ஞாயித்துக்கிழமை. ரேடியோவுல யாரு காலைப் பாக்கப் போறா?

எர்லீன்: மைக் பாக்கும்.

செட்ரிக்: மைக்குக்கே கண்ணு குடுத்துட்டீங்க.

எர்லீன்: சிரி சிரி. நல்லா உடுத்திக்கிட்டு உக்காந்தாத்தான் குரலும் நேரா உக்காரும். உங்கம்மா பேரை வாசிச்ச அன்னிக்கு என்ன போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா?

செட்ரிக்: காலுல எதுவும் போட்டிருக்கலையே. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட உக்காந்திருந்தீங்க. உங்க வீட்டுக்காரர் ஹார்வி பேரை வாசிச்ச அன்னிக்கும் அப்படித்தான். கால் வீங்கியிருக்குன்னு நினைச்சேன்.

எர்லீன்: வீக்கம் இல்லடா. வேண்டியவங்க பேரு வரும்போது குரல் தொண்டையை விட்டுத் துள்ளும். வெறுங்காலை இந்த சிமெண்டுத் தரையில வெச்சா ஜில்லுனு பிடிச்சு இழுத்துக்கும். நம்ம ஆளுக்கு வாசிக்கிறப்போ மட்டும்தான். எல்லாருக்கும் கழட்டினா எனக்குச் சளி பிடிக்கும்.

செட்ரிக்: சரி... ஆரம்பிக்கலாமா? நீங்க தயாரானதும்.

எர்லீன்: 'காலையில உங்க வீட்டுத் துக்கத்தைச் சொல்ற எர்லீன் பேசறேன். இந்தத் தொகுதியை வாங்கறதுக்கு நம்ம ஜனம் கோர்ட்டுலயும் தெருவுலயும் என்ன பாடுபட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில இன்னும் ஒரு வெள்ளைக்காரர் உக்காந்திருக்கார். தண்ணி நம்ம தெருவுக்குள்ள வந்தப்போ... தண்ணி வந்தப்போ ரஸ்ஸல் ஹேவர்ட்...'

செட்ரிக்: ம்?

எர்லீன்: வழுக்கிடுச்சு.

செட்ரிக்: ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்தா மெதுவாப் போறீங்க. நீங்க படிச்சுடறீங்க, சரிதான். ஆனா சேத்துல கால் வெச்ச மாதிரி...

எர்லீன்: அந்த வரி வேண்டாமே. எடுத்துடலாமே.

செட்ரிக்: எதுக்கு?

எர்லீன்: முன்னாடி இருக்கிறதெல்லாம் நிஜம். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எங்கப்பா இதே கட்சியோட பிரைமரிக்கு, கட்சி ஆளைப் பொறுக்கற தேர்தலுக்கு, ஓட்டுப்போடப் போனார். கோட்டு மாட்டிக்கிட்டு. இது வெள்ளைக்காரங்க வீட்டு விஷயம், நீ நவம்பர்ல வான்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க நவம்பர் பொதுத் தேர்தல்ல எதிர்த்து நிக்க யாரு இருக்கா? இந்தத் தேர்தல்ல ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான்.

செட்ரிக்: இப்பவும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரியோட முடிஞ்சிடும்.

எர்லீன்: அதனால நம்ம ஆளு ஒருத்தன் அங்க உக்காரணும்னு எனக்கும் ஆசை இருக்கு. ப்ரூயிட் படிச்ச பையன், கெட்டவன் இல்ல. ஹேவர்ட் மேல எனக்குக் கோவமும் இருக்கு. வெள்ளைக்காரத் தெருவுல மட்டும் ப்ரூயிட் படத்தை இன்னும் கறுப்பாக்கி, கண்ணைச் செவப்பாக்கி ஒட்டியிருக்காங்களே, பாத்தியா?

செட்ரிக்: பாத்தேன். தார் பூசின மாதிரி.

எர்லீன்: எனக்குத் தெரியாம என் ஆளுங்க ஒட்டிட்டாங்கன்னு ஹேவர்ட் சொன்னாராம். தெரிஞ்சப்புறம் கிழிச்சாரா? இன்னும் ஒட்டித்தான் இருக்கு. அதைச் சொல்லச் சொல்லு, தொண்டை கிழியச் சொல்றேன். வெள்ளத்தைப் பத்தின இந்த வரி மட்டும்...

செட்ரிக்: அந்த வரிக்கு என்ன? வெள்ளம் வந்தப்போ நான் மெம்ஃபிஸ்ல இருந்தேன். திரும்பி வந்தப்போ நம்ம காட்டன்வுட் தெருவே இல்ல. அவர் மேட்டுல காய்ஞ்ச வீட்டுல உக்காந்திருந்தார்னு போட்டிருக்கு. அவர் வீடு மேட்டுலதானே?

எர்லீன்: வீடு மேட்டுலதான்.

செட்ரிக்: அப்புறம்?

எர்லீன்: அவர் வீட்டுல இல்ல.

செட்ரிக்: ...எங்க இருந்தார்?

எர்லீன்: என் கூரைக்குப் பக்கத்துல. மீன்பிடிக்கிற படகு ஒண்ணுல. அப்போ அவர் எந்தப் பதவியிலயும் இல்ல, டிராக்டர் பாகம் வித்துக்கிட்டிருந்தார். மோட்டார் நின்னுபோய், ஒரு பலகையை வெச்சுத் துழாவிக்கிட்டு வந்தார். ஹார்விக்கு அப்பவே முட்டி போயிடுச்சு. அவரை முதுகுல தூக்கி இறக்கினார். மேலண்டை வீட்டு ஆல்பர்ட்டா, அவ புருஷன், கிழவர் டூலி, எல்லாரையும். கடைசியில என்னை.

செட்ரிக்: இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை...

எர்லீன்: யாரு கேட்டா? அன்னிக்கு அவங்கவங்களுக்கு அவங்கவங்க செத்தவங்க. படகு யாரோடதுன்னா கணக்கு எடுத்தாங்க?

செட்ரிக்: அவர் ஏன் சொல்லிக்கலை? ஒரு தடவை சொன்னாப் போதுமே, நம்ம சர்ச் எல்லாம் அவர் பின்னாடி நிக்குமே.

எர்லீன்: முதல் தடவை தேர்தல்ல நின்னப்போ நானே போய்ச் சொன்னேன், இதைச் சொல்லுங்கன்னு. 'அதை வெச்சு ஓட்டுக் கேட்டா அன்னிக்கே கூலி வாங்கின மாதிரி ஆயிடும்'னுட்டார். அதுல மட்டும் பெரிய மானஸ்தர். சுவத்துல ஒட்டின படத்தைக் கிழிக்கிறதுல அந்த மானம் எங்க போச்சோ.

செட்ரிக்: பாய்கின்கிட்ட சொல்லிடலாம். ஸ்டேஷன் அவரோடது, அவர் ஒரு வார்த்தை சொன்னா ப்ரூயிட் ஆளுங்க கேப்பாங்க. இருங்க, மேல ஸ்பீக்கர்ல கூப்பிடறேன்... சார், செட்ரிக். ஒரு சின்ன விஷயம்.

பாய்கின்: முடிஞ்சுதா? கார்ல இருக்கிற பையன் இங்க வந்து என் காபியை எல்லாம் குடிச்சுட்டுப் போயிட்டான்.

செட்ரிக்: வெள்ளத்தைப் பத்தின வரியை எடுத்துடலாமான்னு...

பாய்கின்: அந்த வரிதான்டா விளம்பரமே. மத்ததை எல்லாரும் பாத்திரம் கழுவிக்கிட்டே கேப்பாங்க. அந்த வரியிலதான் கையை நிறுத்துவாங்க.

எர்லீன்: அது பொய், மிஸ்டர் பாய்கின்.

பாய்கின்: சிஸ்டர் எர்லீன்... நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா. என்ன பொய்?

எர்லீன்: அவர் வந்தார். படகோட. என்னைத் தூக்கினார்.

பாய்கின்: ...வேற யார் பாத்தா?

எர்லீன்: ஆல்பர்ட்டா.

பாய்கின்: ஆல்பர்ட்டா போயாச்சே.

எர்லீன்: அவ புருஷன். டூலி. ஹார்வி.

பாய்கின்: எல்லாரையும் நீங்கதான் வாசிச்சீங்க. நான் மேல உக்காந்து கேட்டேன்.

எர்லீன்: நான் இருக்கேனே.

பாய்கின்: நீங்க ஒருத்தர் இருக்கீங்க. இல்லைங்கலை. சிஸ்டர், நான் உங்களை மிரட்டலை, உள்ளதைச் சொல்றேன். ஜாக்சன்லேருந்து இந்த ஸ்டேஷனை வாங்க ஆள் வந்து போறாங்க. வாங்கினா முதல்ல போறது உங்க காலை நேரம்தான். துக்கச் செய்திக்கு நடுவுல எவன் சோப்பு விளம்பரம் குடுப்பான்? அட்லாண்டாவுலேருந்து ஒரு பிரசங்க டேப் வரும், அதைப் போட்டுவிட்டுப் போயிடுவாங்க. ப்ரூயிட் ஜெயிச்சா விக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கான். வேற குரல்ல போட்டா எவனும் நம்ப மாட்டான். உங்க குரல் சொல்லி ஒருத்தன் செத்தது பொய்யாப் போனதே இல்ல.

எர்லீன்: அதனாலதான் கேக்கறேன்.

பாய்கின்: அதனாலதான் நானும் கேக்கறேன். பத்து நிமிஷத்துல டேப் கீழ இருக்கணும், செட்ரிக்.

செட்ரிக்: ...வெச்சுட்டார்.

எர்லீன்: கேட்டேன்.

செட்ரிக்: அக்கா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இந்த மெஷின் பழசு. திடீர்னு டேப் மாட்டிக்கும்...

எர்லீன்: ஏசி இரைச்சல் எதுவும் இல்ல, இல்லையா?

செட்ரிக்: ...இல்ல.

எர்லீன்: மிட்டாய்ச் சத்தமும் இல்ல.

செட்ரிக்: இல்ல. முதல் தடவையே சுத்தமா விழுந்துடுச்சு. நீங்க அந்த வரிகிட்ட வந்தப்போ உங்க முகத்தைப் பாத்தேன். என்னன்னு தெரியலை. இன்னும் நாலு தடவை படிக்கச் சொன்னா பேப்பரைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போயிடுவீங்கன்னு பாத்தேன்.

எர்லீன்: ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. இந்த ரூமோட சத்தம் எனக்குத் தெரியாதா? இவன் நேரத்தை ஓட்டறான், கடைசியில 'இன்னிக்கு மெஷின் சரியில்ல, முடியாது'ன்னு அவனே சொல்லிடுவான், நாம சொல்ல வேண்டாம்னு நானும் படிச்சுக்கிட்டே இருந்தேன்.

செட்ரிக்: நான் உங்களைப் பாத்துக்கிட்டு...

எர்லீன்: நான் உன்னைப் பாத்துக்கிட்டு. நல்ல ஜோடி.

செட்ரிக்: இப்போ சொல்லிடலாம். ரெண்டு பேருமா. வேலை போனாப் போகட்டும். எனக்கென்ன, பொண்டாட்டி போயே வருஷமாச்சு, வீட்டுல ஒரு பூனை.

எர்லீன்: திங்கட்கிழமை வாசிக்க மூணு பேர் இருக்காங்கடா. அதுல ஒரு குழந்தை. பஞ்சுக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி, மாமாவுக்கெல்லாம் போன் இல்ல. நான் சொன்னாத்தான் வருவாங்க. அட்லாண்டாக்காரன் சொல்லுவானா?

செட்ரிக்: அதுக்காக...

எர்லீன்: அதுக்காகத்தான். வேற எதுக்கு? எனக்கு வேற என்ன இருக்கு?

செட்ரிக்: ஹேவர்ட் காலைல நீங்க வாசிக்கிறதைக் கேப்பாரா?

எர்லீன்: தினமும் கேக்கறார். வெள்ளைக்காரங்கள்ல இதைப் போட்டுக் கேக்கறவர் அவர் ஒருத்தர்தான் இருக்கும். ஆல்பர்ட்டா அடக்கத்துக்குப் பின் வரிசையில வந்து நின்னுட்டு, யார்கிட்டயும் பேசாமப் போனார்.

செட்ரிக்: அக்கா, வேண்டாம்.

எர்லீன்: ஓட விடு. அந்த விளக்கைக் கொஞ்சம் குறை. கண்ணைக் கூசுது.

செட்ரிக்: ...ஓடுது.

எர்லீன்: 'காலையில உங்க வீட்டுத் துக்கத்தைச் சொல்ற எர்லீன் பேசறேன். இந்தத் தொகுதியை வாங்கறதுக்கு நம்ம ஜனம் கோர்ட்டுலயும் தெருவுலயும் என்ன பாடுபட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில இன்னும் ஒரு வெள்ளைக்காரர் உக்காந்திருக்கார். தண்ணி நம்ம தெருவுக்குள்ள வந்தப்போ ரஸ்ஸல் ஹேவர்ட் எங்க இருந்தார்? மேட்டுல, காய்ஞ்ச வீட்டுல. நம்மைத் தேடி வராதவரை நாம ஏன் தேடிப் போகணும்? செவ்வாய்க்கிழமை நம்ம ஆளுக்கு ஓட்டுப் போடுங்க. ரஸ்ஸல் ஹேவர்ட் நம்ம ஆளு இல்ல.'

செட்ரிக்: நிறுத்திட்டேன்.

எர்லீன்: ஏதாவது சத்தம் விழுந்துச்சா?

செட்ரிக்: ஒண்ணும் விழலை. குரல் ஒரு இழை அசையலை.

எர்லீன்: அப்போ கொண்டுபோய்க் குடு.

செட்ரிக்: ...குடுத்துட்டு வந்துட்டேன். கார் கிளம்பிடுச்சு. பாய்கின் மேலேருந்து கையாட்டினார்.

எர்லீன்: மீனைச் சாப்பிடு. ஆறிப்போயிருக்கும்.

செட்ரிக்: எனக்கு வேண்டாம். எழுந்திருங்க, வீட்டுல விடறேன். அந்தக் கடைசி தடவை... எப்படிக்கா? மூணு தடவை தடுமாறின வரி. அதைப் போயி, ஹார்வி பேரை வாசிச்ச மாதிரி... இருங்க, விளக்கைப் போடறேன். பாத்து வாங்க, ஒயர் கிடக்கு... அக்கா, காலெல்லாம் தூசியா இருக்கு. உங்க செருப்பு எங்க?

எர்லீன்: மேசைக்கு அடியில இருக்கு பாரு, எடுத்துக் குடு. நம்ம ஆளுக்கு வாசிக்கிறப்போ கழட்டிடுவேன்னு உனக்குத்தான் தெரியுமே.