ஒற்றைக் கம்பி

அன்று காலை ஃபிளாஸ்கில் இருந்தது தேநீரா காப்பியா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. என் தம்பி கிளைவின் மகள் கெரினுக்குக் காலையில் காப்பி ஆகாது. அதனால் தேநீராகத்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் கிளைவ் காப்பியில் நாக்கைச் சுட்டுக்கொண்டு முகம் சுளித்ததும் நினைவில் இருக்கிறது. அது வேறொரு வருடமாகவும் இருக்கலாம். நான் சொல்வதில் சில இடங்கள் இப்படித்தான் இருக்கும். போன தடவை நீங்கள் விசாரணைக்கு வந்தபோது, வரைபடத்தில் கம்பியைக் குறிக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேனே, அது இந்த வகையில் சேராது.

இன்று என் வண்டியில் இருந்த வரைபடத்தையே எடுத்து வந்து மேசைமேல் விரித்திருக்கிறீர்கள். தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சிவப்பு மை ஈரம் பட்டால் பரவிவிடும்.

டக்வெல் குடும்பத்து வெப்பக்காற்றுப் பலூனுக்குப் பத்தொன்பது வருடம் தரையில் நின்றவள் நான். தம்பி கிளைவ் பலூனில் தொங்கும் கூடைக்குள், நான் வண்டியில். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் போகும். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று தெரிந்தவன் இலக்குக்கு மேலே வந்து நின்று, மணல் முடிச்சு கட்டிய துணிப்பட்டையைப் போடுவான். யாருடைய பட்டை கிட்டத்தில் விழுகிறதோ அவர்களுக்குக் கோப்பை. இலக்கருகே முன்னால் போய் நின்று, சின்ன பலூன்களை விட்டுப் பார்த்து, காற்றைப் படித்து ரேடியோவில் சொன்னது நான். எங்கள் வீட்டு அலமாரியில் பதினோரு கோப்பைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கிளைவ் டக்வெல் என்றுதான் வெட்டியிருக்கிறது. தவறில்லை. பட்டையைப் போட்டது அவன் கை.

ரேடியோவுக்கு அவன் ஒரு விதி வைத்திருந்தான். ஆரம்ப காலத்தில் நான் அதிகம் பேசிவிட்டேன் போலிருக்கிறது. "நான் கேட்டா மட்டும் பேசு அக்கா. இல்லாட்டி வாயத் தொறக்காத" என்றான். அதன்பிறகு கேட்காமல் நான் பேசியதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நாங்கள் இறங்கும் வயல்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு பாட்டில் ரம் கொடுப்பது வழக்கம். விளைச்சலை மிதித்ததற்கு மன்னிப்பும் அதுதான், அடுத்த தடவைக்கு அனுமதியும் அதுதான். அந்தப் பாட்டிலைக் கொண்டுபோவது என் வேலை. கிளைவ் அந்த நேரத்தில் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருப்பான். அதனால் எந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறது, எந்தக் குதிரை மிரளும் என்பதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுவந்து வண்டியில் இருக்கும் வரைபடத்தில் சிவப்பு மையில் குறிப்பேன். போட்டிக்கு முந்தின மாலை அதைப் பார்த்துக் கூடையில் போகிற வரைபடத்தில் எழுதுவேன். கூடைக்குள் இருப்பவர்கள் அந்தச் சிவப்பைத்தான் நம்புவார்கள். கண்ணைக்கூட அவ்வளவு நம்பமாட்டார்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, பயிற்சி நாளில், ஸ்டான் ப்ரோடியின் மேய்ச்சல் நிலத்தில் இறங்கினோம். ஸ்டான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"போன வருஷத்த விட நல்ல சரக்கா இருக்கே. ஜெயிக்கிற எண்ணம்தான் போல" என்றார். பிறகு கிழக்கே கை காட்டினார். "நோரீன், அந்தக் குறுக்கு ரோட்டத் தாண்டி போர் மோட்டாருக்குப் புதுசா கம்பி இழுத்திருக்கேன். ஒத்தக் கம்பி. போஸ்டு ரெண்டும் மரத்துக்குள்ள மறைஞ்சுபோச்சு. காலை வெயில் எதிர்ல அடிச்சா எனக்கே தெரியல. உன் தம்பி காதுல போட்டு வை."

போட்டு வைக்கிறேன் என்றேன். அன்றே வண்டி வரைபடத்தில் குறித்தேன். நீங்கள் விரல் வைத்திருக்கும் கோடு அதுதான். போட்டி நடத்துபவர்களின் அச்சு வரைபடத்தில் அது கிடையாது. அது அதற்கு முந்தைய வருடம் அடித்தது.

அடுத்த ஞாயிறு கிளைவுக்கு ஐம்பது நிறைந்தது. ஐம்பது ஆனதும் இறங்கிக்கொள்வேன், பிறகு கூடை உன்னுடையது என்று அவன் எனக்குச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அதை நம்பி நாற்பத்தொன்றாம் வயதில் பலூன் ஓட்டும் உரிமம் வாங்கினேன். ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தும் வந்தேன். அன்று ஆட்டுத்தொடை வறுவலும் பழம் வைத்த பாவ்லோவா கேக்கும் செய்திருந்தேன். பாவ்லோவாவை வெட்டும்போது, இந்தப் போட்டியிலிருந்து என் மகள் கெரின் ஓட்டுவாள், நான் பக்கத்தில் நிற்பேன் என்று எல்லோருக்கும் சொன்னான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எனக்குச் சொல்லியிருந்தாயே என்று கேட்டேன்.

"அக்கா, நீ தரைக்குத்தான் ராணி. உன்ன மேல ஏத்திட்டா கீழ எவன் காத்தப் பாப்பான்? அதோட உனக்கு அம்பத்திமூணு ஆச்சு. கூடைக்குள்ள ஏத்திவிடவே ரெண்டு ஆள் வேணும்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். கெரின் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இன்னொரு துண்டு வெட்டி அவளுக்குக் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்தின மாலை, வழக்கம்போல இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். முப்பத்தாறு குறிப்புகள். முப்பத்தைந்தை எழுதினேன். மூடியைத் திருகிப் பேனாவை வைத்துவிட்டேன். அப்போது எனக்கு ஒரு முடிவும் இருக்கவில்லை. எழுதாமல் இருப்பது ஒரு செயலா என்று நான் இப்போதும் யோசிக்கிறேன்.

மறுநாள் ஆட்டத்தில் இலக்கை அந்தந்த அணியே தேர்ந்து முன்கூட்டி எழுதிக் கொடுக்கவேண்டும். விடியலில் கிளைவ் வண்டியின் முன்பக்கத்தில் கூடை வரைபடத்தை விரித்து, "எது அக்கா?" என்றான். நான் ஸ்டான் நிலத்தில் இரண்டு சாலைகள் கூடும் குறுக்குச் சாலைமேல் விரலை வைத்தேன். காற்றுக்கு அதுதான் பொருத்தமான இடம். வேறு யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவன் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொடுத்தான்.

பலூன் நிரம்பிக்கொண்டிருந்தபோது கெரின் என்னிடம் வந்தாள். கையுறை போட்ட கையால் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அத்தை, இன்னைக்கு ஜெயிச்சா கோப்பையில உங்க பேரத்தான் முதல்ல வெட்டணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டார். அடுத்த வருஷம் நீங்க ஓட்டுங்க, நான் கீழ நிக்கறேன்."

குளிராக இருக்கிறது, கழுத்தை மூடிக்கொள் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குறுக்குச் சாலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் யோசிக்க நேரம் இருந்தது.

அங்கே நின்று பார்த்தால் கம்பி நன்றாகத் தெரிந்தது. உறைபனி பிடித்து வெள்ளையாக இருந்தது. சாலையிலிருந்து கிழக்கே இருபது தப்படி. மேலே இருப்பவர்களுக்குச் சூரியன் நேர் எதிரே. சின்ன பலூன்களை விட்டுப் பார்த்தேன். தரையோரக் காற்று கிழக்கே நூல் பிடித்ததுபோல் போனது.

ஆறு ஐம்பத்தைந்துக்கு ரேடியோவில் கெரின் குரல் வந்தது. "அத்தை, கீழ எப்படி?"

"இருபத்தஞ்சு அடிக்கு எறங்கி வாம்மா. நேரா இலக்குக்குத் தள்ளும்."

"இருபத்தஞ்சா? ரொம்பக் கீழயா இருக்கே."

பின்னால் கிளைவ் சொன்னது கேட்டது. "அக்கா சொன்னா சரியா இருக்கும். எறங்கு."

இறங்கினார்கள். என் தலைக்கு மேலே வந்தபோது கெரின் வெளியே சாய்ந்து பட்டையைப் போட்டாள். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள் என்று நினைக்கிறேன். சூரியனுக்காகக் கண்ணை மறைத்ததாகவும் இருக்கலாம். கூடைமேல் இருக்கும் எரிவாயு நெருப்பைத் திறந்தாலும் பலூன் ஏறத் தொடங்க ஆறேழு வினாடி பிடிக்கும். இருபது தப்படி கடக்கவும் அவ்வளவுதான். பட்டை விழுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை ஏறியிருப்பார்கள். ரேடியோ என் கையில்தான் இருந்தது. ஒரு சொல் போதும். ஆனால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

கம்பி எரிவாயுக் குழாயை அறுத்தது. தீப்பிடித்ததும் கிளைவ் வெளியே விழுந்தான். எடை குறைந்ததால் பலூன் கெரினோடு மேலே எழும்பியது. அது பலூனின் இயல்பு.

இனி நடந்ததெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. கெரின் ஏழு மணிக்குள் இறந்துவிட்டாள். கிளைவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவனுக்குத் தினமும் சூப் கொண்டுபோய் ஊட்டியவள் நான். அக்காவுக்கும் வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று அவன் எல்லோரிடமும் எனக்காகப் பேசினான். ஸ்டான் அந்தக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். கோப்பை வேறொரு குடும்பத்துக்குப் போனது. நான் உங்களோடு வருகிறேன். அடுப்பை மட்டும் அணைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் கோப்பில் இல்லை. கெரின் போட்ட பட்டை சாலைகள் கூடும் நடுப்புள்ளியிலிருந்து மூன்றடி தள்ளிக் கிடந்தது. பத்தொன்பது வருடத்தில் எங்களுக்கு அவ்வளவு கிட்டத்தில் விழுந்ததே இல்லை. அதைக் காலடி வைத்து அளந்துவிட்டுத்தான் நான் அவர்களை நோக்கி ஓடினேன். அந்த மூன்றடியையும் எழுதிக்கொள்ளுங்கள். காற்றை நான் தப்பாகச் சொன்னேன் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது.