நான்கில் முடியும் எண்கள்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை அளவாக இருக்கிறது. கேட்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்; எதையும் அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைத் தினமும் நகலெடுத்து, பேக்கப்பாக வைக்க வேண்டும். அது ஒரே வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். காலையில் கவுன்ட்டர் திறந்த பிறகும் முடியாது. நான்தான் அதைப் பத்தாகப் பிரித்தேன். நோயாளி எண்ணின் கடைசி இலக்கப்படி பத்தும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு குழாயில் தொட்டி நிரப்புவதைவிடப் பத்துக் குழாயைத் திறப்பது மேல், அவ்வளவுதான்.

மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்து, தொழில் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். அவன் நான் பத்தாகப் பிரித்ததைத் தன் யோசனை என்று இயக்குநரிடம் காட்டி, எனக்கே மேலதிகாரியானான். கேட்டதற்குச் சிரித்தான்.

"விடுங்க மாமா, நம்ம வீட்டுக்குள்ளதானே. யார் பேர்ல இருந்தா என்ன?"

மனைவியும், "சின்னப் பையன், பெரிசுபடுத்தாதீங்க" என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் பத்தில் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டேன். நான்கில் முடியும் எண்கள் எங்கேயும் போய்ச் சேராது. திரையில் மட்டும் வழக்கம்போலப் பச்சை டிக் விழும். சுமை குறைந்ததில் வேகம் இன்னும் கூடியது. அதற்கும் அவனுக்குத்தான் கைதட்டல். அந்த எண்கள் இருந்த பழைய பேக்கப்புகளும் நாளடைவில் தானாக அழிந்தன. என்றாவது அவன் முகத்தில் கரி பூசப்பட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் சர்வர் பழுதானது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டார்கள். நான்கில் முடிகிறவர்களைக் காணோம் என்று யாரும் கவனிப்பதற்குள், நினைவிழந்து கிடந்த ஒரு தையல்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எந்த ஊசி அவள் உடம்புக்கு ஆகாது என்று அவள் விவரத்தில் சிவப்பில் குறித்திருந்தது. அவள் எண் நான்கில் முடிவது; அந்த விவரம்தான் இல்லையே. அதே ஊசியைப் போட்டார்கள். அவள் பிழைக்கவில்லை. நான்கில் முடிகிறவர்கள் பேக்கப்பில் இல்லை என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் இயக்குநர் மைத்துனனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் நேரம் நெருங்கியிருந்தது.

"எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னுதானே சார் சொன்னீங்க?" என்றார், செய்தி கேட்டு வந்த அவள் கணவர். அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தேன்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. ஓர் உயிருக்கு ஆபத்து வருமென்று கனவிலும் தோன்றவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்பதைத்தான் திருப்பிவிட இருந்தேன். என் மகளின் நோயாளி எண் ஒன்பதில் முடிகிறது என்று பார்த்த பிறகே நான்குக்கு மாற்றினேன்.