பல்லுக்குப் போகிறவள்

"என்ர பல்லில ஒரு வருத்தமும் இல்லை அக்கா."

கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறி என் முன் சீட்டில் அமர்ந்த இருவரில் இளையவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"கவுன்சிலிங் போறன் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்துது. வீட்டில பல்லுக்கு எண்டுதான் சொன்னனான்."

"நம்பிச்சினமோ?"

"நான் போய்வாற நாளெல்லாம் மாமி கஞ்சி காய்ச்சி வைப்பா, கடிக்கத் தேவையில்லையெண்டு. அவவின்ர முகத்தைப் பாத்துக் குடிக்கேலாது."

"அப்ப உண்மையைச் சொல்லிவிடன்."

"நேற்று ஒருத்தரும் இல்லாத நேரம் மாமி பக்கத்தில வந்து கேட்டா, 'பிள்ளை, அந்தப் பல் டொக்டரிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியோ' எண்டு."

"கூட்டிக்கொண்டு போ. வயசு போனா பல்லு நோகுந்தானே."

வெள்ளவத்தை வந்தது. இறங்க எழுந்தபோது இளையவள் சொன்னாள்.

"மாமிக்கு வாயில ஒரு பல்லும் இல்லை அக்கா. கட்டுப்பல்லும் வேண்டாமெண்டு விட்டவ."