மாப்பிள்ளைக்குப் போட்ட டீ

எங்கள் வீட்டில் காலை டீ போடுவது நான்தான். பெண்சாதி போனதிலிருந்து அப்படி. இஞ்சியைத் தோலோடு தட்டிப் போட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் எதுவும் தெரியாது. பால் தண்ணியாக இருந்தாலும் தெரியாது என்று சொல்ல வந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முதலில் என்னைத் துரத்தினீர்கள். "போய்யா பெரியவரே, உன் மாப்பிள்ளை மார்வலி வந்து செத்தான், டாக்டரே சொல்லிட்டாரு, இன்னாத்துக்கு ஸ்டேஷனாண்ட வந்து குந்திக்கினு கீற" என்றீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுது என்றீர்கள். நான் எழுத்துக் கற்றது நாற்பது வயசுக்கு மேல், மந்தைவெளியில் சாயங்காலம் நடந்த முதியோர் பள்ளியில். மெதுவாகத்தான் வரும்.

என் பேர் சிதம்பரநாதன். தூக்குகிற வேலைதான் எனக்குத் தெரிந்த வேலை. பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் பேல் பேலாகத் துணிமூட்டை தூக்கினேன். முதுகு போனதும் அந்த இடத்துக்கு என் மாப்பிள்ளை ஜவஹர் வந்தான். நான் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனேன். சுவாமிநாத ஐயர் படுத்த படுக்கை. அவரைத் தூக்கி உட்கார வைக்கணும், குளிப்பாட்டணும். கொல்லைப் பக்கமாகத்தான் உள்ளே போகணும், ஆனால் தூக்க ஆள் வேண்டுமே. பேலைவிட ஐயர் லேசு.

எனக்கு ஒரே பெண், ஜெயபாரதி. கால்வாய்க் கரையில் எங்களுக்கு ஒற்றை அறைக் குடிசை. நடுவில் என் பெண்சாதியின் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் ஜெயாவும் ஜவஹரும். இந்தப் பக்கம் நான்.

ஜவஹர் கெட்டவன் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்த வருஷம் பிறந்தவன், அதனால் அந்தப் பேர். தோள் இரண்டும் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். சத்தமாகச் சிரிப்பான். ஜெயாவையும் சிரிக்க வைப்பான்.

ஜெயாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்தது. இரண்டாவதை அறுத்து எடுத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. டாக்டரம்மா என்னையும் ஜவஹரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வயித்துல வந்தா இந்தப் பொண்ணு பிழைக்காது. புருஷன் ஆபரேஷன் பண்ணிக்கறதுதான் நல்லது" என்றார்.

அப்போது ஊரெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு முகாம். கிடங்கில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அதைப் பண்ணிக்கொண்டால் இடுப்பில் பலம் போய்விடும், பேல் தூக்க முடியாது என்று பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். இருந்தும் ஜவஹரிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"வுடு மாமா. நான் பாத்துக்கறேன்."

அந்த வாரமே ஒரு நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான். முதலாளி கொடுத்தார் என்றான். ஜெயா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். கொஞ்ச நாளில் புடவைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. என் பெண் சாகப்போகிற சத்தம் என்றுதான் என் காதில் அது விழுந்தது.

ஐயருக்கு மூத்திரப் பைக்குக் கீழே புற்று. அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆண் உடம்பில் ஊறுகிற சத்துதான் அந்த நோய்க்குத் தீனி, மாத்திரை அதை ஊறவிடாமல் அடக்கும் என்று டாக்டர், ஐயரின் சம்சாரம் கோமளம் மாமியிடம் விளக்கியபோது நான் ஐயரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி பிறகு என்னிடம் சொன்னார், "கோவமே போயிடுத்து பார்த்தியோ, சிதம்பரம்? எப்படிக் கத்திண்டு இருப்பார். இப்போ பசு மாதிரி இருக்கார்."

குளிப்பாட்டும்போது நான் ஐயரின் மார்பைப் பார்த்தேன். பெண்பிள்ளைக்கு எழும்புவது போல எழும்பியிருந்தது. என்னிடம்கூடத் துண்டைப் போட்டு மறைத்துக்கொள்வார். புற்றுக்கு ஆஸ்பத்திரியில் வைக்கிற கரண்டை மாத்திரைக்கு முன்னாலேயே மாருக்கு வைத்திருந்தால் இவ்வளவு எழும்பியிருக்காது என்று டாக்டர் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு ஐயர் அழுதார். நோய்க்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்த மாத்திரையில் ரத்தம் உறையலாம். கால் வீங்கினால் உடனே சொல்லணும், காலைப் பிடித்துவிடவே கூடாது, உறைந்தது நகர்ந்து போய் நெஞ்சை அடைத்துவிடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஐயர் போனதும் மருந்துப் புட்டிகளையெல்லாம் எங்கேயாவது எறிந்துவிடச் சொன்னார் மாமி. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எறிந்தேன். அது தீர்ந்ததும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் இருக்காருங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தக் கடையில் ஐயரை உயிரோடு வைத்தேன். ஒரு தடவை, கொஞ்சம் எழுந்து உட்கார்கிறார் என்றுகூடச் சொன்னேன். கடைக்காரர் சந்தோஷப்பட்டார்.

நான் யோசித்தது இவ்வளவுதான். ஜவஹருக்கு ஆசை அடங்கணும், ஆள் மாறக் கூடாது. மீசை, குரல், தோள் எல்லாம் அப்படியே இருக்கணும். ஐயருக்கு மறைக்கத் துண்டு இருந்தது. பேல் தூக்குகிறவன் நாள் பூரா வெற்று மார்போடு நிற்பவன். ஆகவே முழு மாத்திரை போடவில்லை. பாக்குவெட்டியில் நறுக்கி, இஞ்சியோடு தட்டி, டீயில் போட்டேன். மார் வலிக்கிறது என்று அவன் சொன்னால் கொஞ்ச நாள் நிறுத்துவேன், வலி நின்றதும் மறுபடியும் போடுவேன். அவன் குழாயடியில் குளிக்கும்போது நானே போய் முதுகு தேய்த்துவிடுவேன். முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். "என் மாமனார் மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாரு" என்று கிடங்கில் சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

புடவைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சும் நின்றது.

எவ்வளவு பார்த்துப் போட்டும் மார் லேசாகத் தடித்தது. கரண்ட் வைக்க நான் எங்கே போவேன்? ஜெயாவின் பிள்ளைகள் போனபோது அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மல்லிப்பூவை வைத்து மாரில் கட்டினார்கள், பால் வற்றியது. பெண்ணுக்கு வற்றினால் இவனுக்கும் அமுங்கும் என்று நினைத்தேன்.

"சூட்டுக் கட்டி மாப்ள. மல்லிப்பூ கட்டினா அமுங்கிடும். ஜெயாவுக்குச் சொல்லாத, பயந்துக்கும்."

கபாலி கோயில் வாசலில் பூ வாங்கி, குழாயடிக்குப் பின்னால் அவனை நிறுத்தி, நானே வைத்து, வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே பனியனை மாட்டிவிடுவேன். கையைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி நிற்பான்.

கிடங்கில் அவனோடு பேல் தூக்குகிற ஷரஃபுதீன் வாய்க்கு ருசியாகப் பேசுகிறவன். நான் சோறு கொண்டுபோயிருந்த ஒரு நாள் என் எதிரிலேயே ஆரம்பித்தான்.

"இன்னா ஜவஹரு, புது மாப்ள கணக்கா மணக்குற? பூக்காரி வூட்டாண்ட குடக்கூலிக்குப் பூந்துட்டியா?"

"மாமனார் நிக்கிறாருடா."

"அவரு இன்னாடா, வயசானவரு, மூக்கு அடைச்சிக்கினு கீது. பனியன கழட்டு மச்சி, நகக்குறி இருக்குதானு பார்ப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜவஹரும் சிரித்தான். ஆனால் இரண்டு கையையும் மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஐயர் துண்டைப் போட்டுக்கொள்வது போலவே இருந்தது.

அந்த வாசனை ஜெயாவுக்கும் வந்தது. ஒரு நாள் விறகை ஊதிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நைனா, இத்த உன்கிட்ட சொல்லக் கூடாது. அவரு என்னாண்ட வந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தர்றதில்ல, ஆனா பூ வாசனையோட வர்றாரு. வேற எவளோ கீறா நைனா."

புகையில் கண் கலங்கியது போலத் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஆம்பளைங்க அப்படித்தான்மா. நான் கீறேன்ல" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் கையைப் பிடித்ததில்லை.

அதற்கப்புறம் ஜவஹருக்குப் பலம் குறைந்தது. ஒரு பேலைக் கீழே போட்டான். முதலாளி அவனை உட்கார வைத்து மூட்டைக்குக் கயிறு கட்டச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் வாயைத் திறந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. டாக்டரம்மா அன்னிக்குச் சொன்னாங்கல்ல, அந்த வாரமே நான் முகாமுக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினேன். அந்தப் பக்கெட்டு முகாம்ல குடுத்தது."

என் கையில் பூ இருந்தது.

"ஜெயாகிட்டகூடச் சொல்லல. கிடங்குல தெரிஞ்சா மானம் போயிடும்னு பயம். அவனுங்க சொன்னது நெசம் மாமா. பலம் போயிடுச்சு. ஆம்பளைத்தனமே போயிடுச்சு. மார் பாரு, பொம்பளை மாரி. ஆனா அவ உசுரோட இருக்கா. அது போதும் எனக்கு."

அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பூவை வைத்துக் கட்டி, பனியனை இழுத்துவிட்டேன்.

அதாவது நான் முதல் மாத்திரையை நறுக்குவதற்கு முன்பே அவனால் என் பெண்ணுக்கு ஆபத்து இல்லாமல் போயிருந்தது. அந்த நீலப் பக்கெட்டில்தான் நான் தினமும் டீக்குத் தண்ணீர் பிடித்தேன்.

மறுநாள் காலையிலும் டீ போட்டேன். பாக்குவெட்டியை எடுத்தேன், இஞ்சியைத் தட்டினேன். திடீரென்று நிறுத்தினால் அவன் பழையபடி ஆவான், அப்போது சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் போட்டேன். அவன் சாயங்காலம் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்தான். எனக்குக் கால் அமுக்கிவிட்டான். ஜெயா புடவைக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் படுத்தாள். வீட்டில் சத்தமே இல்லை.

போன வாரம் ஜவஹருக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. சிவந்து சூடாக இருந்தது. ஷரஃபுதீன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பூசணிக்கா மாரி கீது? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன், ரெடியா இரு" என்றான். கேலி செய்கிறவன்தான், ஆனால் சொன்னால் செய்கிறவன். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், மாரைப் பார்ப்பார்கள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள்.

அவன் போனதும் நல்லெண்ணெய் காய்ச்சினேன். ஜவஹர் காலை நீட்டினான். கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் நன்றாக அழுத்தி உருவிவிட்டேன். வலிக்குது மாமா என்றான். பொறுத்துக்க மாப்ள, இறங்கிடும் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் உருவினேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டுது என்று எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்தான். ஜெயா தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டுகிற வேலையை நானே செய்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. கட்டை அவிழ்த்தபோது உள்ளே பூ வாடாமல் இருந்தது.

அன்றிலிருந்து நான் போடுகிற டீயில் மல்லிப்பூ வாசனை வருகிறது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. புதுப் பாத்திரம் வாங்கினேன், அதிலும் வருகிறது. ஜெயா குடித்துவிட்டு ஒன்றும் இல்லையே நைனா என்கிறாள். எழுதிவிட்டால் போகும் என்று நினைத்துத்தான் உங்களிடம் வந்தேன்.

என் மாப்பிள்ளை ஜவஹரை நான்தான் கொன்றேன். எல்லாம் என் பெண்ணைக் காப்பாற்றத்தான். இதை அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை. காலையில் ஒரு நடை வீட்டுக்குப் போய்வர என்னை விடுவீர்களா ஐயா? அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கணும்.