மூட்டை எடுத்து வந்த நீலப் பை

நேற்று பேச்சுவாக்கில் உங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொன்னீர்கள், மேடம். பந்தை வீசினால் ஓடிப்போய்க் கவ்விக்கொள்கிறது, ஆனால் கிட்டே வந்து தராமல் வீட்டைச் சுற்றி ஓட்டம் காட்டுகிறது என்று. எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒரு பொருளை எடுப்பதற்கு நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஷ்டம் முழுக்க விடுவதில்தான் இருக்கிறது. அதைத் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு விளையாட்டு. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடங்கள், அதுவே பின்னால் வரும்.

நடந்ததை என் கைப்பட எழுதச் சொல்லிக் காகிதமும் பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பூசி மெழுகாமல் எழுதுகிறேன். செய்ததை மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். ஆனால் நாயை எப்படிப் பழக்குவார்கள் என்று தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. அதனால் கொஞ்சம் நீளும்.

நானும் என் தங்கையும் நாய்ப் பயிற்சிக்கூடம் நடத்துகிறோம். முன்பு லாரி நிறுத்திக்கொண்டிருந்த ஷெட் அது. சிமெண்ட் தரை, மூன்று பக்கம் கம்பி வலை. நான் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆனபிறகு அவள் வந்து சேர்ந்தாள். தொழிலை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதை அவளும் மறுக்கமாட்டாள்.

என்னுடையது கட்டை முறை. இரண்டு பக்கமும் குண்டாக, நடுவில் ஒடுங்கிய ஒரு மரக்கட்டை. நாயை உட்காரவைத்து, ஒரு கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரல் நகத்தால் காது மடலை அழுத்த வேண்டும். வலியில் அது வாயைத் திறக்கும். திறந்த வாயில் கட்டையை வைக்க வேண்டும். வைத்த அந்த நொடியே நகத்தை எடுத்துவிட வேண்டும். கட்டை வாயில் இருந்தால் வலி இல்லை என்று நாய்க்குப் புரிய நாலு நாள் போதும். பிறகு அது கட்டையைத் தேடி ஓடும். எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே நேராக உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி, நான் ‘விடு’ என்கிறவரை பிடித்துக்கொண்டிருக்கும். மழை பெய்தாலும் சரி, பக்கத்தில் பூனை ஓடினாலும் சரி. நேற்று இதைச் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கைக் கவனித்தேன். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும்.

தங்கையின் முறை வேறு. நாய் கட்டையைத் திரும்பிப் பார்த்தாலே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுப்பாள், உடனே ஒரு துண்டு ஈரல். மோந்து பார்த்தால் டிக், ஈரல். கவ்வினால் டிக், ஈரல். அந்த டிக் டப்பாவைச் செய்துகொடுத்தது அவள் புருஷன். மிட்டாய் டப்பா மூடியில் பழைய அலாரம் கடிகாரத்தின் எஃகுத் தகட்டை வைத்து அடித்தது. அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னை ‘கட்டை மாஸ்டர்’ என்றும் அவளை ‘பிஸ்கட் டீச்சர்’ என்றும் சொல்லிக்கொள்வார்கள். நான் சிரித்துக்கொள்வேன். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் போக ஆரம்பித்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருஷம் வாசல் பலகையை மாற்றி எழுதினாள். ‘வலி இல்லாத பயிற்சி’. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மூன்று வார்த்தைக்கு முன்னால் இத்தனை வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெருவில் போகிற எவனும் யோசிக்கலாம். எனக்கு வலித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை மறைக்கவில்லை.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் போதும், பேச்சு நின்றுவிடும். வேலையோ அடுத்தவர் வீட்டுப் பரணில் கிடந்த கடிகாரங்களைத் திறப்பது. தங்கை வகுப்பெடுக்கப் போகும்போது அவர் வீட்டில் தனியாக இருப்பார். அதனால் அவள் ஒரு நாயை வளர்த்து, அவருக்கு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் இன்ஹேலர் வைத்த நீலத் துணிப்பையை எடுத்துவந்து மடியில் வைக்கப் பழக்கினாள். பை சமையலறைக் கதவு ஓரமாக, நாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கும். குட்டியாக வந்தபோது துணி மூட்டை மாதிரி இருந்ததால் நாய்க்குப் பெயர் மூட்டை.

நல்ல நாய். ஆனால் ஈரலுக்காக வேலை செய்கிற நாய். ஒருநாள் இதை அவளிடம் சொன்னேன்.

“வயிறு நிறைஞ்சிருந்தா அது வராதும்மா. உயிர் விஷயம். நான் ஒரு மாசம் பார்த்துத் தரேன்.”

“வேணாண்ணா. உன்கிட்ட பழகின நாய் எல்லாம் உனக்குப் பயந்து கொண்டு வருது. இது அவர்மேல இருக்கிற பிரியத்துல கொண்டு வரணும். நீ இத தொடவேணாம்.”

தொடவேண்டாம் என்றாள். அவளுக்குக் கட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் வெளியே போய் வீட்டு வகுப்பு எடுப்பாள். அந்த நாட்களில் மாப்பிள்ளைக்குத் துணையாக நான் போக ஆரம்பித்தேன். அவர் சந்தோஷப்பட்டார். “மச்சான் வந்தா கடிகாரம்கூட பயந்து ஒழுங்கா ஓடுது” என்பார். பொய். அவர் வேலை செய்யும் அறைச் சுவரில் பதினொரு கடிகாரம், எதுவும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ஒருமுறை அதைக் கேட்டதற்கு, “ஒழுங்கா ஓடினா அதுக்கு ரிப்பேர் கடையில என்ன வேலை, மச்சான்?” என்றார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டால் உலகமே தெரியாது அவருக்கு. நான் மூட்டையைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போவேன். அதே நீலத் துணியில் இன்னொரு பை தைத்து வைத்திருந்தேன். நகம், பை, விடு. ஆறு வாரம். மூச்சு இழுக்கும் சத்தத்தையும் நானே வாயால் செய்துகாட்டினேன். பையை எடுத்தால் என் எதிரே வந்து உட்கார வேண்டும், என் கையில்தான் தர வேண்டும். முறை அப்படி. பழக்குகிறவன் கையில்தான் முதலில் தரும், பிறகு மற்றவர்களுக்கு மாற்றிக்கொடுக்கலாம். மாற்றிக்கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இடையில் ஒருநாள் தங்கை மூட்டையின் இடது காதுக்குள் காய்ந்த காயத்தைப் பார்த்தாள். உண்ணி கடித்திருக்கும் என்றேன். மருந்து போட்டாள். அது அவள் கையை நக்கியது.

மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். “நாய்கிட்ட கொஞ்சிக்கிட்டு இருக்காதீங்க மாப்பிள்ளை. விடுன்னு ஒரே வார்த்தை. ஒரு தடவை, தெளிவா.” சரி மச்சான் என்று அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் குரல் மெல்லிய குரல்.

அந்த வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்கதவைத் திறந்ததும் குபுக்கென்று தூசி. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் லென்ஸைக் கழற்றி வைத்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இழுக்கத் தொடங்கியது. மூட்டை காதைத் தூக்கியது, எழுந்தது, போனது. ஆணியிலிருந்து பையை எடுக்கும் சத்தம் கேட்டது. வாசற்படியில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு அவரைத் தாண்டி வந்து என் எதிரே நேராக உட்கார்ந்து முகத்தைத் தூக்கியது. ஒரு விரல்கூடக் கோணல் இல்லை. நான் ‘விடு’ என்றேன். பை என் கைக்கு வந்தது.

அவர் கையை நீட்டினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எட்டிக் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தை நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் நான் சொன்னது உண்மை. தங்கை நாலரைக்கு வருவாள். வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவள் நாய், அவள் பழக்கிய நாய், ஒரு துண்டு ஈரல் இல்லாமல் என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நான் பையை அவரிடம் கொடுத்துவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளைக்கு அரைமணி நேரம்கூட இழுத்துக்கொண்டு இருந்து பிறகு சரியானதை நான் பார்த்திருக்கிறேன். “இருங்க மாப்பிள்ளை, அவ வந்துரட்டும்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். நேரத்தையும் பார்த்தேன். ஒரு கடிகாரத்தில் நாலு இருபது, இன்னொன்றில் நாலு பத்து, இன்னொன்றில் ஐந்து அடிக்கப் போகிறது. எதை நம்புவது.

அவர் மேஜைமேல் கையால் துழாவினார். டிக் டப்பா கையில் பட்டது. அதை அழுத்தினார். டிக். இன்னொரு தடவை, டிக். மூட்டையைக் கூப்பிட்டாரா, கொண்டுவந்ததற்குப் பாராட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முறைப்படி பார்த்தால் அது தவறு. என் கையில் கொடுத்ததுதான் சரி என்று நாய்க்கு அவரே உறுதி செய்துவிட்டார். ஈரல் வைத்த கிண்ணத்தையும் தள்ளிவிட்டார். துண்டுகள் தரையில் சிதறின. மூட்டை அவற்றைப் பார்த்தது. தின்னவில்லை. நான் உத்தரவு கொடுக்கவில்லை அல்லவா. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தங்கை வர நேரமாகிவிட்டது. பஸ் கிடைக்கவில்லையாம். மேஜையில் அவர் தலை சாய்ந்து, சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து போய்ப் பையை ஆணியில் மாட்டினேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பிறகு தரையில் கிடந்த ஈரலைப் பொறுக்கினேன்.

உள்ளே வந்ததும் அவள் அவரைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள். “மூட்டை எடுக்கலையாண்ணா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நான் பின்பக்கம் இருந்தேன். வந்து பார்க்கிறதுக்குள்ள...” என்றேன்.

எல்லாம் முடிந்த மறுவாரம் அவளே பலகையைக் கழற்றிவைத்தாள். “நீ சொன்னதுதான் சரிண்ணா. நான் அந்த நாய்க்கு செல்லம் கொடுத்தே அவர கொன்னுட்டேன்” என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன், ஆனாலும் அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. காதில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரங்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். என் வீட்டில் கடிகாரம் கிடையாது, போனில்தான் நேரம் பார்ப்பேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் மூட்டையை என்னிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் கூப்பிட்டாள். “அது மூஞ்சிய என்னால பார்க்க முடியல, கூட்டிட்டுப் போயிடு” என்றாள். நான் கயிற்றை மாட்டக் குனிந்தபோது அவள் அழத் தொடங்கினாள். அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை, விக்கி விக்கி மூச்சு இழுத்தது. அந்தச் சத்தம்தான். மூட்டை கயிற்றை உருவிக்கொண்டு சமையலறைக்கு ஓடியது. பையோடு வந்தது. அவளைத் தாண்டி வந்து என் எதிரே நேராக உட்கார்ந்து முகத்தைத் தூக்கியது.

அவள் அழுகை நின்றுவிட்டது. அந்த உட்காரும் விதத்தை அவள் பதினொரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். என் கையெழுத்து மாதிரி அது அவளுக்கு.

“கொடுடா கண்ணா” என்று கையை நீட்டினாள். அது கொடுக்கவில்லை. அவள் மண்டியிட்டு, இடது காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அன்னிக்கும் கொண்டு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“யார்கிட்ட?”

நான் ‘விடு’ என்றேன். பை என் கைக்கு வந்தது. அதுதான் பதில். அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. மூட்டையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “நீ கொண்டு வந்தியாடா, நீ கொண்டு வந்தியா” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். நீங்கள் வரும்வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

கொலை என்று எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மருந்து என் கையில் இருந்தது, அவர் எதிரே மூச்சுக்குத் திணறினார், நான் கொடுக்கவில்லை. இதில் எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அவருக்கு நான் முறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரே வார்த்தை, ஒரு தடவை, தெளிவாக. என்னைப் பார்த்து அவர் ‘விடு’ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். கடைசிவரை அவர் வாயைத் திறந்தாரே தவிர, சொல்லவில்லை.