கேப்டன் வீட்டில் இல்லையாம்

...வீட்ல இல்லையாம் சார். வேலைக்காரப் பொண்ணு வாசல்லயே நிறுத்தி சொல்லுது. மாடி ஜன்னல்ல ஆறடி நாலங்குல உடம்பு நிக்குது, பைப் புகை வெளிய வருது, கேப்டன் தர்ஸ்பி வீட்ல இல்லையாம். அப்ப புகை விட்டது யாரு, பூனையா? கொஞ்சம் காலை நகத்திக்குங்க, ட்ரெயின் கிளம்புறதுக்குள்ள பெட்டிய வச்சுக்கறேன். ஆங்.

யாரு தர்ஸ்பின்னா... கேம்பிரிட்ஜ்ல எங்க காலேஜ் படகுல எனக்கு நேர் எதிர்ல உக்காந்து துடுப்பு போட்டவன். நான் சுக்கான் பிடிச்சுக்கிட்டு கத்துறவன். மூணு வருஷம் தினம் காலையில அவன் மூஞ்சிலதான் முழிச்சேன். பொண்டாட்டி மூஞ்சியக்கூட அவ்வளவு பாத்ததில்ல. படிப்புன்னா காத தூரம் ஓடுவான். பந்தயத்தன்னிக்கு ஒரு தட்டு மாட்டுக்கறி, ஆறு முட்டை. எனக்கு? பாதி டோஸ்ட். சுக்கான்காரன் எடை ஏறக் கூடாதாம். அந்தப் பசி இன்னும் போகல சார்.

படகு பாத்திருக்கீங்கல்ல? எட்டுத் தடியனும் போற பக்கம் முதுகக் காட்டித்தான் உக்காருவானுங்க. எங்க போறோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. என் வாயப் பாத்து இழுக்கணும், அவ்வளவுதான். தொள்ளாயிரத்துப் பதினாலுல ஜெர்மன்காரனோட சண்டை வந்துச்சா... ராணுவத்துல என்ன விளையாட்டுன்னு கேட்டாங்க. படகுன்னானுங்க. எட்டுப் பேர் தோள்லயும் நட்சத்திரம். போற திசை தெரியாம முழு பலத்தோட போறவனத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. முன்னாடி பாக்குறவன் நான் ஒருத்தன். என்னை நிக்க வச்சு அளந்துட்டு, மூணு அங்குலம் கம்மி, வீட்டுக்குப் போன்னுட்டாங்க.

சிரிக்காதீங்க. பிரான்சுல தர்ஸ்பி பதுங்குகுழிய விட்டு ஏறும்போது முன்னேறுன்னு சொல்ல மாட்டானாம். "இழு, இழு"ன்னு கத்துவானாம். எதை இழுக்கறதுன்னு தெரியாமயே அவன் ஆளுங்க பின்னாடி ஓடுவாங்களாம். பதக்கம் குடுத்தாங்க.

எட்டுல அஞ்சு பேர் திரும்பி வரல சார்.

அவங்க நினைவா ஜூன் மாசம் படகு விடுறோம். வந்து உன் இடத்துல உக்காருடான்னு நாலு கடிதம் போட்டேன். பதில் இல்ல. அதான் நேர்ல போனேன். தப்பா? ...கதவப் பாக்காதீங்க, இது ஸ்டேஷன் இல்ல, சிக்னல்.

அந்தப் பொண்ணு உள்ள போயிட்டு மறுபடி வந்துச்சு. வீட்ல இல்லாத கேப்டன் ஒரு கேள்வி அனுப்பியிருக்கான். அன்னிக்கு எனக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதான்னு.

என்னிக்கா? சண்டை அறிவிச்ச வாரம். படகுக் கொட்டகையில நின்னு, சேரலாமா வேணாமான்னு ஒரே பேச்சு. படகுல தர்ஸ்பி துடுப்பு விழுற மாதிரிதான் மத்த ஏழும் விழும். அவன் போனா எல்லாரும் போவானுங்க. அவன் நேரா எங்கிட்ட வந்தான். "நீ சொல்லு பில்பீம். நீதான பாக்குறவன்"னான். நான் என்னமோ எட்டிப் பாத்துட்டு வந்தவன் மாதிரி, "பாதை தெளிவா இருக்கு, கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருப்பீங்க"ன்னேன். எட்டுப் பேரும் வரிசையா போய்க் கையெழுத்து போட்டானுங்க.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... அந்த இடத்துல உக்காந்தா நேரா முன்னாடி ஒண்ணுமே தெரியாது சார். எதுத்தாப்ல தர்ஸ்பி, அவனுக்குப் பின்னாடி இன்னும் ஏழு மலை. ரெண்டு கரையையும் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, நடுவுல வழி இருக்கும்னு ஒரு நம்பிக்கையில கத்துறதுதான். மூணு வருஷமும் அப்படித்தான் கத்துனேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆத்துல பரவாயில்ல, மிஞ்சிப் போனா கரையில முட்டும்.

அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொன்னேனா? ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு தொப்பிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ட்ரெயினுக்கு ஒண்ணரை மணி நேரம் இருந்துச்சு.

அடுத்த ஸ்டேஷன்ல இறங்குனா அஞ்சு மணிக்கு எதிர் வண்டி இருக்கு. திரும்பிப் போயி, எனக்கு ஒண்ணும் தெரியலடான்னு அவன் மூஞ்சியப் பாத்து சொல்லிடலாம். என்ன சொல்றீங்க? போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன். உங்களுக்கென்ன, சொல்லிட்டு உக்காந்திருக்கப் போறீங்க.

...ஏன் சார் எழுந்திரிக்கிறீங்க? லண்டன் போறேன்னுதான சொன்னீங்க? சார்... போகவா, வேணாமா?